பழைய பிக்கப்பின் ஸ்டீயரிங்கைக் கழற்ற: கையா, சுத்தியலா, புல்லரா, மெக்கானிக்கா?

என்னிடம் இருப்பது 1984 ஷெவ்ரோலே சி-10. ஜெனரல் மோட்டார்ஸ் 1973 முதல் 1987 வரை செய்த அந்தச் சதுர முகப் பிக்கப் வரிசையில் ஒன்று. இங்கே டெக்சாஸில் 'ஸ்கொயர் பாடி' என்று சொன்னால் பெட்ரோல் பங்கில் நிற்கிறவர் கூட நின்று பேசிவிட்டுப் போவார். வாங்கிய நாளிலிருந்து இதற்கு ஒரு வியாதி: இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பினால் அது தானாக அணையாது. இரண்டு மைல் தள்ளிப் போன பிறகும் டிக், டிக் என்று அடித்துக்கொண்டே வரும். இவன் எப்போதுதான் திரும்புவான் என்று பின்னால் வருகிறவர் வெறுத்துப்போய் ஹாரன் அடிப்பார்.

இதைச் சரிசெய்ய ஸ்டீயரிங் வீலைக் கழற்றியாக வேண்டும். ஒரே ஒரு நட்தானே என்று நினைத்தேன். நட் ஒன்றுதான், உண்மை. ஆனால் நட்டை எடுத்த பிறகும் வீல் அசையாது. தண்டின் நுனியும் வீலின் நடுத்துளையும் பல்பல்லாக வெட்டப்பட்டு ஒன்றுக்குள் ஒன்று இறுகி உட்கார்ந்திருக்கும். நாற்பது வருடத் துருவும் சேர்ந்துகொண்டால் இரண்டும் ஒரே உலோகம் போல ஆகிவிடும். அதைப் பிரிக்க என்னென்ன வழி, எதில் என்ன கெடும், எது யாருக்குப் பொருந்தும் என்று நான் அலசியதையும் கையைச் சுட்டுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். இரும்பு ரிம் வைத்த, ஏர்பேக் இல்லாத பழைய வண்டிகளைத்தான் பெரும்பாலும் சொல்கிறேன். ஏர்பேக் உள்ள வண்டியின் கணக்கே வேறு, அது பின்னால் வருகிறது.

ஒரு சின்ன விஷயம். பட்டறையில் எல்லாரும் 'ஸ்டீயரிங் காலம்' என்பார்கள். எழுத்தில் அதைப் படித்தால் நேரத்தைச் சொல்வது போல இருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரை முழுக்கத் தூண் என்றே எழுதுகிறேன். வெளியே தெரியும் குழாய் தூண். அதற்குள் ஓடுவது தண்டு.

கழற்றத்தான் வேண்டுமா?

ரிம் வெடித்திருக்கிறது, கையில் பிசுபிசுக்கிறது என்பதற்காக மட்டும் கழற்ற நினைப்பவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம். வெயிலில் நின்ற வண்டிகளில் ரிம்மின் மேல்பூச்சு பாளம் பாளமாக வெடிப்பது சகஜம். தைத்துப் போடும் தோலுறையை வீல் இருந்த இடத்திலேயே ஊசி நூலோடு உட்கார்ந்து போட்டுவிடலாம், ஒரு சாயங்கால வேலை. வெடிப்பில் எபாக்ஸி அடைத்து, தேய்த்து, பெயின்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் கழற்றி மேசையில் வைத்துச் செய்வதுதான் ஒழுங்கு. இல்லாவிட்டால் டாஷ்போர்டு முழுக்கத் தூசியாகும்.

இண்டிகேட்டர் சுவிட்ச், அதைத் தானாக அணைக்கும் பிளாஸ்டிக் வளையம், இக்னிஷன் பூட்டு (இந்த வண்டிகளில் சாவித்துளை தூணில்தான் இருக்கிறது), மேலும் கீழும் சாய்கிற டில்ட் தூணில் வரும் ஆட்டம் ஆகியவற்றுக்கு வேறு வழி கிடையாது. வீல் வெளியே வந்தே தீரவேண்டும்.

முதல் வழி: வெறும் கை

நட்டைத் தண்டின் நுனிக்குச் சமமாக வரும்வரை மட்டும் கழற்ற வேண்டும். சீட்டில் நன்றாக உட்கார்ந்து, முழங்கால்களை ரிம்மின் அடியில் முட்டுக்கொடுத்து, கடிகாரத்தில் ஒன்பதும் மூன்றும் இருக்கும் இடங்களைப் பிடித்து, இடம் ஒரு இழுப்பு, வலம் ஒரு இழுப்பு என்று ஆட்டி இழுக்க வேண்டும். காசு செலவில்லை, எதுவும் உடையவும் உடையாது. தண்டை யாரும் அடிக்கவில்லை, அழுத்தவுமில்லை. இழுக்கத்தான் செய்கிறோம்.

நண்பர் ஒருவரின் பழைய டொயோட்டா பிக்கப்பில் இப்படி ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது. நட்டை முழுவதும் எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு இழுத்ததுதான் அவர் செய்த ஒரே தப்பு. வராத வீல் வரும்போது சொல்லிக்கொண்டு வருவதில்லை. அது நேராக வந்து வாயில் அடித்தது, உதட்டில் தையல் போடும்படி ஆனது. நட் இரண்டு மரையில் பிடித்து நின்றிருந்தால் வீல் அங்கேயே தடுக்கி நின்றிருக்கும். எந்த வழியைத் தேர்ந்தாலும் இதை மட்டும் மாற்ற வேண்டாம்: வீல் பல்லிலிருந்து விடுபடும் வரை நட் தண்டில்தான் இருக்க வேண்டும்.

என் ஷெவ்ரோலேயிலும் இதைத்தான் முதலில் செய்து பார்த்தேன். அரை மணி நேரம் போராடி முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம், வீல் அப்படியே இருந்தது. பத்து நிமிடம் முயன்று பாருங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள் என்பது என் கணக்கு. சமீபத்தில் ஒருமுறை கழற்றி மாட்டிய வண்டியில் வரும். தொழிற்சாலையில் மாட்டியதிலிருந்து யாருமே தொடாத வண்டியில் வருவது அபூர்வம்.

இரண்டாம் வழி: சுத்தியல்

ஊரில் பெரியப்பாவின் லாரிப் பட்டறையில் வளர்ந்தவன் நான். அங்கே ஸ்டீயரிங் கழற்றுவது என்றால் தண்டின் தலையில் ஒரு பித்தளைத் துண்டு, அதன்மேல் நாலு பவுண்டு சுத்தியல். ஒருவர் பின்னாலிருந்து வீலைத் தூக்கிப் பிடிப்பார், இன்னொருவர் ஒரே போடு. டங் என்று ஒரு சத்தம், வீல் கையில். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருப்பதால்தான் எனக்கும் முதலில் சுத்தியல்மேல் கை போனது.

அந்தக் காலத்து லாரியில் வீலிலிருந்து ஸ்டீயரிங் கியர்பாக்ஸ் வரை ஒரே கம்பி. அதை அடித்தால் அதிர்ச்சி கீழே போய்ச் சேரும், அவ்வளவுதான். அதுகூட நல்லதல்ல என்றாலும் தாங்கிக்கொள்ளும். என் சி-10 அப்படிப்பட்டதல்ல. மோதலில் ஓட்டுநரின் மார்பில் வீல் குத்திச் சாகிறவர்கள் அமெரிக்காவில் அதிகமாக இருந்ததால், அடிபட்டால் சுருங்கும் தூணை ஜெனரல் மோட்டார்ஸ் 1967 மாடல் கார்களில் கொண்டுவந்தது. அடுத்த வருடம், 1968 ஜனவரி 1 முதல், கார்களுக்கு அதைப் பற்றிய கூட்டாட்சிப் பாதுகாப்பு விதிகளும் வந்துவிட்டன. 1973-இல் தொடங்கிய இந்தப் பிக்கப் வரிசையிலும் சுருங்கும் தூண்தான்.

அது எப்படிச் சுருங்குகிறது? உள்ளே இருக்கும் தண்டு ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு துண்டு. இரண்டிலும் துளையிட்டு, துளைக்குள் உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்தி உறைய வைத்திருப்பார்கள். அந்தச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் ஊசிகள்தான் இரண்டு துண்டையும் நகராமல் பிடித்திருக்கின்றன. மோதலில் அவை அறுந்து தண்டு உள்ளே போய்விடும், மார்பு தப்பும். ஆனால் தலையில் விழுவது மோதலா, பெரியப்பாவின் சுத்தியலா என்று பிளாஸ்டிக்குக்குத் தெரியாது. இரண்டு மூன்று போடு போட்டால் ஊசிகள் நொறுங்கி, தண்டு முன்னும் பின்னும் ஆடத் தொடங்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வீல் கழன்று வந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் மறுபடி மாட்டி ஓட்டிக்கொண்டிருப்போம். தண்டின் நுனியை அடிக்கவே கூடாது என்று அந்த நிறுவனத்தின் சர்வீஸ் புத்தகங்கள் எச்சரிப்பது இதற்காகத்தான்.

இதோடு, டில்ட் தூணாக இருந்தால் மேலே ஒரு மூட்டு, அதற்குள் சின்ன பேரிங்குகள். அவையும் அடி வாங்கும். தண்டின் மரை நசுங்கினால் நட் திரும்ப ஏறாது. சரி, நட்டை மேலே வைத்து அடித்தால் மரை தப்பும்தானே என்பார்கள். மரை தப்பும், ஊசிகள் தப்பாது.

சுத்தியலுக்கு உறவுமுறை வழிகளும் சில உண்டு. வீலுக்குப் பின்னால் கம்பி கொடுத்து நெம்புவது ஒன்று: ரிம் வளையும், தூணின் மேல்மூடி உடையும். பற்சக்கரங்களை இழுத்துக் கழற்றும், இரண்டு கொக்கிக் கால் உள்ள கியர் புல்லரை மாட்டுவது இன்னொன்று. கொக்கி பிடிக்க வீலின் நடுக்குமிழுக்குப் பின்னால் இடமே இருக்காது. ஆரக்காலில் மாட்டி இழுப்பார்கள், ஆரக்கால் வளைந்துவிடும். எரிவாயு டார்ச் கொண்டு சூடேற்றுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அரை அங்குலம் பின்னால் முழுக்கப் பிளாஸ்டிக்கும் ஒயரும்.

மூன்றாம் வழி: புல்லர்

நான் கடைசியில் தேர்ந்தது இதைத்தான். இருபது டாலர் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும் ஒரு இரும்புப் பாலம். நடுவில் ஒரு நீளத் திருகு, இரு பக்கமும் போல்ட் நுழைய வெட்டிய நீள்துளைகள். வீலின் நடுக்குமிழில், நட்டுக்கு இரு புறமும், மரை வெட்டிய இரண்டு ஓட்டைகள் இருக்கும். அவை இதற்காகவே தொழிற்சாலையில் போட்டவை. அந்த இரண்டிலும் போல்ட் ஏற்றி, பாலத்தைச் சமமாக நிறுத்தி, நடுத்திருகைத் தண்டின் தலையில் உட்கார வைத்துத் திருப்பினால், தண்டு இருக்கிற இடத்தில் இருக்க, வீல் மட்டும் மேலே வரும். நடுத்திருகு தண்டைக் கீழே அழுத்தத்தானே செய்கிறது, அது பரவாயில்லையா என்று கேட்கலாம். இது மெதுவான, நிதானமான அழுத்தம். வீலை மேலே இழுக்கும் விசையும் தண்டைக் கீழே தள்ளும் விசையும் அந்தப் பல்வரிசையிலேயே ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்கின்றன. பிளாஸ்டிக் ஊசி வரை எதுவும் போய்ச் சேர்வதில்லை. சுத்தியலில் அப்படி எதிர்ப்பிடி கிடையாது, முழு அடியும் கீழேதான் இறங்குகிறது.

இங்குள்ள பெரிய உதிரிபாகக் கடைகள் பலவும் இந்தக் கருவியை முன்பணம் வாங்கிக்கொண்டு இரவலாகவே தருகின்றன. திருப்பிக் கொடுத்தால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். வாங்குவதா இரவலா? ஒரே ஒரு முறைதான் என்றால் இரவல் போதும். எடுத்து வரும்போது பெட்டியைத் திறந்து ஒவ்வொரு போல்ட்டின் மரையையும் நகத்தால் தடவிப் பாருங்கள். நமக்கு முன்னால் யார் யாரோ எதற்கெல்லாமோ அதைப் பயன்படுத்தியிருப்பார்கள். எனக்குக் கிடைத்த பெட்டியில் தேவையான இரண்டு போல்ட்டில் ஒன்று வளைந்திருந்தது. நான் புதிதாகவே வாங்கிவிட்டேன்.

போல்ட் விஷயத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். என் வண்டியின் ஓட்டைகள் 5/16 அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 18 மரை. கையில் 8 மில்லிமீட்டர் போல்ட் இருந்தால் அதுவும் நுழைவது போலவே தோன்றும். 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் 8 மில்லிமீட்டர் போல்ட்டின் சாதாரண மரைக்கு மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர், இதில் 1.41. இரண்டு சுற்று சுகமாகப் போகும், மூன்றாவதில் இறுகும். துரு என்று நினைத்து ஸ்பேனர் போட்டு ஏற்றினால் ஓட்டையின் மரை மொத்தமும் போய்விடும். அப்புறம் புல்லர் போடவே இடம் இருக்காது. பழைய ஃபோர்டு பிக்கப்களில் இன்னும் தடிமனான 3/8 அங்குல போல்ட் வரும். எதுவானாலும் விரலால் மட்டும் திருப்பி ஐந்து சுற்றுப் போனால்தான் அது சரியான போல்ட்.

அந்த ஐந்து சுற்றோடு நிறுத்தவும் வேண்டும். நடுக்குமிழின் அந்தப் பக்கம் போல்ட் எட்டிப் பார்த்தால், அங்கே ஸ்டீயரிங் பூட்டும் தட்டும் அதன் பிளாஸ்டிக் மூடியும் அதற்குக் கீழே இண்டிகேட்டர் வளையமும் இருக்கின்றன. என் வண்டியில் வீல் வந்த பிறகு பார்த்தால், அந்த மூடியில் போல்ட் நுனி அளவுக்கு வட்டமாக இரண்டு காயம், சரியாக எதிரெதிரே. முன்பு வைத்திருந்த யாரோ நீள போல்ட்டை முழுக்க ஏற்றியிருக்கிறார். கீழே வளையமும் விரிசல் விட்டிருந்தது. அந்த அழுத்தத்தில்தான் விட்டதா, வயதில் விட்டதா என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் என் சந்தேகம் எந்தப் பக்கம் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும்.

இனி வேலை. முன்சக்கரங்கள் நேராக, வண்டி சமதரையில், பேட்டரியின் நெகட்டிவ் முனை கழற்றியபடி. ஏர்பேக் இல்லாத வண்டிக்கு எதற்கு பேட்டரி என்று நானும் அலட்சியமாக இருந்தேன். ஹாரன் மூடியைப் பிடுங்கினேன், கீழே இருந்த ஸ்பிரிங் தண்டில் உரசியது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு என் வண்டி அலறியதில் தெருவில் நாலு வீட்டில் விளக்கு எரிந்தது. இந்த வண்டிகளில் வீலின் உலோகத்தைத் தொட்டாலே ஹாரனின் மின்சுற்று பூர்த்தியாகிவிடும். அதனால் முதலில் பேட்டரி, அப்புறம்தான் மற்றது.

ஹாரன் மூடிக்குக் கீழே, நட்டுக்கு மேலே, தண்டில் ஒரு சின்னக் கம்பிப் பூட்டு இருக்கும். பலர் அதைப் பார்க்காமல் நட்டைத் திருப்பப் பார்ப்பார்கள். அதை எடுங்கள், பத்திரமாக வையுங்கள். ஹாரன் ஸ்பிரிங் இருக்கும் பிளாஸ்டிக் குழலை லேசாக அழுத்தித் திருப்பினால் வந்துவிடும். நட் சாதாரண மரைதான், இடப்பக்கம் திருப்பினால் கழலும். என் வண்டிக்கு 13/16 அங்குல சாக்கெட் இறுக்கமாக உட்கார்ந்தது. உங்களுடையதில் எது ஆடாமல் உட்காருகிறதோ அது. நட்டைத் திருப்பும்போது வீல் கூடவே சுற்றும். சாவியை எடுத்து ஸ்டீயரிங்கைப் பூட்டிவிட்டுத் திருப்பினால் சுலபமாயிற்றே என்று தோன்றும். செய்யாதீர்கள். திருடன் திருப்பாமல் இருப்பதற்காக வைத்த சின்னப் பூட்டு அது, இரண்டடி நீளக் கம்பியின் பலத்தை அது தாங்குவதற்கில்லை. பூட்டைத் திறந்த நிலையில் வைத்து, ஒருவர் ரிம்மைப் பிடிக்க இன்னொருவர் திருப்பினால் போதும். இந்த நட்டை இறுக்கும் அளவே 30 அடி-பவுண்டு வாக்கில்தான். நட்டைத் தட்டித் தட்டிச் சுழற்றும் இம்பாக்ட் துப்பாக்கியை இங்கே கொண்டுவர அவசியமே இல்லை.

புல்லரை மாட்டுவதற்கு முன் ஒரு வெள்ளைப் பேனாவால் தண்டின் நுனியிலிருந்து வீலின் குமிழ் வரை நேராக ஒரு கோடு. இதை மறந்துவிட்டால் மாட்டும்போது ஒரு பல் தள்ளி உட்கார்ந்துவிடும், நேர்ச்சாலையில் வீல் சாய்ந்து நிற்கும். நட் தண்டின் நுனிக்குச் சமமாகவோ ஒரு மயிரிழை கீழேயோ நிற்கட்டும். நடுத்திருகு நட்டில் உட்காரக்கூடாது, தண்டில் உட்கார வேண்டும்.

பிறகு மெதுவாகத் திருப்பினேன். இறுகியது. இன்னும் கால் சுற்று. இன்னும் இறுகியது, வீல் வரவில்லை. பாலம் லேசாக வளைவது கண்ணுக்கே தெரிந்தது. இங்கேதான் நடுத்திருகின் தலையில் சுத்தியலால் ஒன்று வைக்கலாம் என்று கை அரிக்கும். அப்படி வைத்தால் முந்தைய வழிக்கே திரும்பிப் போன மாதிரி. நான் துருநீக்கி எண்ணெயைப் பல்வரிசையில் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு மட்டும் விட்டேன் (தாராளமாக அடித்தால் கீழே சுவிட்சுக்குள் இறங்கும்), புல்லரை அதே இறுக்கத்தில் விட்டுவிட்டுப் படுக்கப் போனேன். காலையில் காபியோடு வந்து கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பியிருப்பேன், டக் என்று ஒரு சத்தம். வீல் கால் அங்குலம் மேலே வந்து நட்டில் தட்டி நின்றது.

வீலுக்கு அடியில் இன்னொரு வேலை காத்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இண்டிகேட்டர் வளையத்தை அடைய அந்தப் பூட்டுத் தட்டை எடுக்க வேண்டும். அதன் அடியில் பலமான ஸ்பிரிங், மேலே ஒரு கம்பி வளையம். தட்டை அழுத்திப் பிடிக்கத் தனியாக ஒரு கருவி உண்டு, அதுவும் இரவல் கிடைக்கும். ஸ்குரூ டிரைவரால் அழுத்திக்கொண்டு எடுக்கப் பார்த்தால் கம்பி வளையம் பறக்கும், பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். திரும்பப் போடும்போது பழைய கம்பி வளையத்தைப் போடாமல் புதியது வாங்கிப் போடுவது நல்லது.

நான்காம் வழி: மெக்கானிக்

எங்கள் பக்கத்தில் ஒரு மணி நேரக் கூலி நூறு டாலருக்குக் கீழே இல்லை. ஏர்பேக் இல்லாத வண்டிக்கு, வீலை எடுப்பதற்காக மட்டும் அந்தப் பணம் அதிகம் என்றே நினைக்கிறேன். ஆனால் டில்ட் தூணின் ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்றால் கதை வேறு. வீல், பூட்டுத் தட்டு, சுவிட்ச், இக்னிஷன் பூட்டு எல்லாவற்றையும் தாண்டி உள்ளே நாலு போல்ட்டைப் போய் இறுக்க வேண்டும். முதல்முறை செய்கிறவர் பாதியில் மாட்டிக்கொள்வார். கொடுப்பதானால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "புல்லர் போட்டுத்தானே எடுப்பீர்கள்?" சிரித்துக்கொண்டே சுத்தியலைக் காட்டுகிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ஏர்பேக் இருந்தால்

ஃபோர்டு எஃப்-150, டாட்ஜ் ராம் இரண்டிலும் ஓட்டுநர் ஏர்பேக் 1994 மாடலில் வந்தது. ஷெவ்ரோலேயின் முழு அளவு பிக்கப்பில் 1995. டொயோட்டா டகோமா, ஃபோர்டு ரேஞ்சர், ஷெவ்ரோலே எஸ்-10 ஆகியவற்றுக்கும் 1995. 1998 செப்டம்பர் 1-க்குப் பிறகு செய்த இலகு ரக டிரக்குகள் எல்லாவற்றுக்கும் முன்பக்க ஏர்பேக் கட்டாயம். ஆக, இன்று முப்பது வயதான 'பழைய' வண்டியிலும் வீலின் நடுவில் ஒரு வெடிபொருள் உட்கார்ந்திருக்கலாம். வீலில் 'எஸ்ஆர்எஸ்' (SRS) என்றோ 'ஏர்பேக்' என்றோ எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இங்கே என் யோசனை மாறுகிறது. சர்வீஸ் புத்தகம் கையில் இல்லாதவர், அல்லது ஒயரிங்கில் ஏற்கெனவே யாரோ கைவைத்த வண்டி வைத்திருப்பவர், நேராக மெக்கானிக்கிடம் போவதே மேல். புல்லருக்கும் கைக்கும் நடுவே யோசித்துக்கொண்டிருக்க வேண்டிய இடம் இது இல்லை. கண் இமைப்பதற்குள் விரியும் பை அது. முகத்துக்கும் அதற்கும் நடுவே ஸ்பேனர் இருந்தால், ஸ்பேனரும் முகத்துக்கு வரும்.

புத்தகத்தை வைத்துக்கொண்டு செய்கிறவருக்கும் சில விஷயங்கள். சாவியை அணைத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, காத்திருக்க வேண்டும். பேட்டரி போனாலும் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கும். டொயோட்டா 90 விநாடி என்கிறது, மற்ற நிறுவனங்கள் ஒன்றிரண்டு நிமிடம் கூடக் குறையச் சொல்கின்றன. நானாக இருந்தால் அரை மணி நேரம் விட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வருவேன். மஞ்சள் நிற கனெக்டர் எல்லாம் ஏர்பேக்குடையது. அதில் மல்ட்டிமீட்டரை வைத்து மின்தடை (ஓம்) பார்க்கவே கூடாது, மீட்டரின் சின்ன மின்சாரமே போதும் அதை எழுப்ப. கழற்றிய ஏர்பேக்கை அலங்கார முகம் உடம்புக்கு எதிர்ப்புறம் பார்க்கும்படி தூக்கிப் போய், முகம் மேலே பார்க்கும்படி வைக்க வேண்டும். கவிழ்த்து வைத்து, தப்பித்தவறி வெடித்தால் அது கூரைக்குப் பறக்கும்.

அடுத்தது ரிப்பன் சுருள். வீல் சுற்றும்போதும் ஏர்பேக்குக்கு மின்தொடர்பு அறாமல் இருக்க, பின்னால் ஒரு தட்டையான ஒயர் கடிகார ஸ்பிரிங் போலச் சுருண்டிருக்கும். வீலை எடுத்த பிறகு அதை விளையாட்டாகச் சுற்றிவிட்டால் நடுநிலை தவறிவிடும். மாட்டி ஓட்டும்போது முழு வளைவில் ஒயர் அறுந்து, ஏர்பேக் விளக்கு எரியும், பையும் வேலை செய்யாது. முன்சக்கரம் நேராக இருக்கும்போதே கழற்றி, சுருள் அசையாமல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுவது சுலபம்.

2004 முதல் 2006 வரையிலான ஃபோர்டு ரேஞ்சர் வைத்திருப்பவர்கள் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே வண்டியின் அடையாள எண்ணை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் வெடிகலன்கள் திரும்பப் பெறப்பட்ட வண்டிகள் இவை. கலன் சிதறி உலோகத் துண்டு பாய்ந்து ரேஞ்சர் ஓட்டுநர்கள் இறந்திருக்கிறார்கள். 2018 ஜனவரியில் 2006 மாடலில் சில ஆயிரம் வண்டிகளை ஓட்டவே வேண்டாம் என்று ஃபோர்டு சொன்னது. மாற்றித் தருவது டீலரிடம் இலவசம். இலவசமாகக் கிடைக்கும் வேலையில் நாம் உயிரைப் பணயம் வைப்பானேன்?

ஏர்பேக் வீலைத் தூக்கிப் போட்டுவிட்டு அழகான மர வீல் மாட்டும் ஆசை சிலருக்கு உண்டு. அழகுதான். ஆனால் பழுது பார்க்கும் கடைகள் அப்படி ஏர்பேக்கைச் செயலிழக்கச் செய்யக் கூட்டாட்சிச் சட்டம் தடை போட்டிருக்கிறது. சொந்தமாகச் செய்கிறவருக்கு அடி விழும்போது மார்புக்கு முன்னால் இருப்பது மரம்.

மாட்டும்போது

என் கோடு தெளிவாக இருந்தது. வீலைக் கையால் அழுத்தி உட்கார வைத்து, நட்டை, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு 30 அடி-பவுண்டுக்கு இறுக்கினேன். உங்கள் வண்டியின் எண் புத்தகத்தில் இருக்கும், கொஞ்சம் மாறலாம். கம்பிப் பூட்டைத் திரும்பப் போட்டேன். அதை மிச்சம் வைத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பேட்டரியை மாட்டி, நின்ற இடத்திலேயே வீலை இடம் கடைசிவரை, வலம் கடைசிவரை திருப்பிப் பார்த்தேன், எங்கும் உரசவில்லை. ஹாரன் அடித்தேன், இந்த முறை பகல் பன்னிரண்டு மணிக்கு.

தெருமுனையில் இடது இண்டிகேட்டர் போட்டுத் திரும்பினேன். வீல் நேரானதும் டக் என்று அணைந்தது. கண்ணாடியில் பார்த்தேன், பின்னால் பார்த்து மெச்ச ஒருவரும் இல்லை.